மணல்தொட்டியின் விளிம்பு

என் மேசைக்கு எதிரே உள்ள சுவரில் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டும் ஆம்ஸ்டர்டாம் நகரின் டைக்ஸ்ட்ராட் என்னும் குறுகிய தெருவில் ஒரே இடத்தைக் காட்டுபவை. முதல் படத்தில், வரிசையாக நிற்கும் வீடுகளுக்கு நடுவே ஒரு பல் விழுந்ததைப் போன்ற வெற்றிடம். இருபுறமும் சன்னல் இல்லாத உயர்ந்த பக்கச் சுவர்கள். இரண்டாவது படத்தில் சுவர்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் தரையில் ஒரு மணல்தொட்டி வந்திருக்கிறது, அதைச் சுற்றிக் குழந்தைகள் வந்திருக்கிறார்கள். 1954இல் அந்த மாற்றத்தைச் செய்தவர் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர். அந்த இடத்தில் அவர் கட்டடம் எதையும் கட்டவில்லை.

பூங்கா, நடைபாதை, குளக்கரை ஆகியவற்றை வடிவமைப்பதை நான் தொழிலாகக் கொண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கட்டடக் கலைஞர் என்று சொன்னவுடன் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘நீங்கள் கட்டியதில் எதைப் போய்ப் பார்க்கலாம்?’ என்பதுதான். ஒரு மரத்தடித் திண்ணையையோ, சாலையைக் கடப்பதற்கு முன் தாயும் பிள்ளையும் நிற்க இடம் தரும் அகன்ற நடைபாதை முனையையோ காட்டினால், அதில் வடிவமைக்க என்ன இருக்கிறது என்ற குழப்பம் அவர்கள் முகத்தில் தெரியும். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் வான் ஐக்கின் தொழில் வாழ்க்கையை முதலில் படித்தேன். அவர் பல ஆண்டுகள் கற்பித்த டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் நான் மாணவனாகச் சேர்ந்தது, அவர் இறந்து வெகுகாலம் கழித்து. வார இறுதிகளில் ரயிலேறி ஆம்ஸ்டர்டாமுக்குப் போய், அவர் அமைத்த விளையாட்டுத் திடல்கள் என்று பழைய வரைபடத்தில் புள்ளியிட்ட இடங்களைத் தெருத்தெருவாகத் தேடியதே அந்த நாட்டில் நான் கற்ற முக்கியமான பாடம் என்று இப்போது தோன்றுகிறது.

வான் ஐக் 1918ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பிறந்தவர். அவருடைய தந்தை கவிஞர். டச்சு நாளிதழ் ஒன்றின் லண்டன் நிருபராகவும் இருந்ததால் மகனின் இளமை இங்கிலாந்தில் கழிந்தது. பிறகு சூரிக் நகரில் கட்டடக்கலை படித்தார். ஐரோப்பா முழுவதும் போரில் எரிந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் கரோலா கீடியோன்-வெல்க்கர் என்ற கலை வரலாற்றாளரின் வழியாக நவீன ஓவியர்களையும் சிற்பிகளையும் அறிந்துகொண்டார். உடன் படித்த ஹன்னியை அங்கேயே மணந்தார். பிற்காலத்தில் இருவரும் சேர்ந்தே அலுவலகம் நடத்தினார்கள். 1946இல் ஆம்ஸ்டர்டாம் வந்து மாநகராட்சியின் பொதுப்பணித் துறையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது 28.

அந்த அலுவலகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பொதுவெளியும் ஒரு தனி மனிதரின் கையால் மட்டும் உருவாவதில்லை. நகரின் விரிவாக்கத் திட்டத்தை 1930களில் வகுத்த கோர்னெலிஸ் வான் ஏஸ்டரன் அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தார். அவருக்கு அடுத்த நிலையில் யாகோபா மூல்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் இருந்தார். நகரை ஒட்டி மனிதர்களே நட்டு வளர்த்த பெரும் காடான ஆம்ஸ்டர்டாம்ஸ் போஸின் வடிவமைப்பில் முக்கியப் பங்கு அவருடையது. அதற்கு முன்பு ஆம்ஸ்டர்டாமில் விளையாட்டுத் திடல்கள் பெரும்பாலும் சங்கங்களின் கையில் இருந்தன. சந்தா கட்டிய உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கே அங்கு இடம். ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும், எந்தப் பிள்ளையும் வீட்டிலிருந்து நடந்து வந்து விளையாடக்கூடிய ஒரு சிறு பொது இடம் வேண்டும் என்பது மூல்டரின் எண்ணம். ஒரு சிறுமி மரத்தடி மண்ணைத் தோண்டி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததே அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது என்று சொல்வார்கள். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞரிடம் அவர் அந்த வேலையை ஒப்படைத்தார். வான் ஐக்கின் பெயரை நினைக்கும்போதெல்லாம் மூல்டரின் பெயரையும் சேர்த்தே நான் நினைக்கிறேன். நல்ல வேலையைச் சரியான கையில் கொடுக்கத் தெரிந்த மேலதிகாரி அமைவது எங்கள் தொழிலில் பாதி வெற்றி.

முதல் திடல் 1947இல் பெர்ட்டல்மன்பிளைன் என்ற சிறு சதுக்கத்தில் அமைந்தது. அகன்ற விளிம்பு கொண்ட ஒரு மணல்தொட்டி, அதற்குள் வட்டமான நான்கு கற்கள், கரணம் அடிக்க மூன்று இரும்புக் கம்பிச் சட்டங்கள், ஓரத்தில் மரங்களும் ஐந்து இருக்கைகளும் என்று பட்டியல் அத்துடன் முடிந்துவிடுகிறது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பொருள்களுக்குத் தட்டுப்பாடு, வீடுகளுக்குப் பெரும் பற்றாக்குறை, அதே வேளையில் எங்கும் புதிதாகப் பிறந்த குழந்தைகள். கான்கிரீட்டும் இரும்புக் குழாயும் மணலும் கொண்டு என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார்.

ஆனால் வரைபடத்தை உற்றுப் பார்த்தால் அங்கே ஒரு துணிச்சலான முடிவு இருக்கிறது. சதுக்கம் என்றால் நடுவில் எதையாவது வைப்பது வழக்கம். சிலையோ, நீரூற்றோ, கொடிக்கம்பமோ அங்கே நின்றால் மற்றதெல்லாம் அதற்குச் சேவகம் செய்யும். வான் ஐக் மணல்தொட்டியை ஒரு மூலைக்குத் தள்ளினார். கம்பிச் சட்டங்களை அதற்குக் குறுக்கே எதிர் மூலையில் வைத்தார். நடுவிடம் காலியாகவே இருந்தது. மணலிலிருந்து கம்பிக்கும் கம்பியிலிருந்து மணலுக்கும் ஓடும் பிள்ளைகளின் கால்களே அந்த நடுவிடத்தை நிரப்பின. சூரிக்கில் அவர் பார்த்த ஓவியங்கள் கையில் இறங்கியது இங்கேதான் என்று நினைக்கிறேன். நடு என்ற ஒன்றுக்கு அடிமைப்படாமல், இரண்டு பொருள்களுக்கு இடையே உள்ள தூரத்தையே இழுத்துக் கட்டிய கயிறுபோல் உயிருடன் வைத்திருப்பது அந்த ஓவியர்களின் வித்தை.

விளிம்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நான் தேடிப்போன இடங்களில் இன்னும் மிஞ்சியிருந்த ஒரு மணல்தொட்டியின் ஓரத்தில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மணல் வெளியே சிதறாமல் தடுக்க மட்டும் என்றால் நான்கு விரல் அகலச் சுவர் போதும். வான் ஐக்கின் விளிம்போ நன்கு அகன்றது, தாழ்வானது. இரண்டு வயதுக் குழந்தை அதில் வயிற்றைச் சாய்த்துக் காலை ஊன்றி ஏறிக்கொண்டது. அதைவிடப் பெரிய சிறுமி வாளியைக் கவிழ்த்து மண்ணப்பங்களை வரிசையாக அடுக்கி வைத்தாள். அவளுக்கு அது கடைப் பலகை. ஒரு பையன் அதன் மேலேயே சுற்றிச்சுற்றி ஓடினான். பாட்டி ஒருவர் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுவர், இருக்கை, மேசை, ஓடுபாதை என்று நான்கு பெயர்களில் நாம் தனித்தனியே வரைந்து தனித்தனியே விலை போடும் பொருள்கள் அனைத்தும் ஒரே கான்கிரீட் வளையத்தில் அடங்கியிருந்தன. எதற்கென்று எழுதி வைக்காத பொருளுக்குத்தான் இத்தனை பயன் உண்டாகும் என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

இதனாலேயே அவர் விளையாட்டுத் திடல்களில் விலங்கு வடிவங்களை வைக்க மறுத்தார். தொலைபேசிக் கூண்டில் பேச முடிகிறது, இருக்கையில் உட்கார முடிகிறது, அதனால் அவை தெருவில் உண்மையான பொருள்கள். அலுமினிய யானையால் நடக்க முடியாது, ஆகவே அது தெருவுக்குப் பொருந்தாதது என்பது அவர் வாதம். அவர் வைத்த அரைக்கோளக் கம்பிக் கூடு பிள்ளைகளுக்கு மலையாகவும் வீடாகவும் சிறையாகவும் ஆனது; யானை என்று செய்து வைத்துவிட்டால் அது யானையாக மட்டுமே இருக்கும். இந்த வாதத்தின் பக்கம்தான் நானும் நிற்கிறேன். ஆனாலும், சிறு வயதில் எங்கள் ஊர்ப் பூங்காவில் சிமெண்ட் யானையின் முதுகில் ஏறித் தும்பிக்கை வழியாகச் சறுக்கி இறங்கிய மகிழ்ச்சியை என்னால் மறுக்க முடியாது. பிறகு நினைத்துப் பார்த்தபோது தெரிந்தது: நாங்கள் அதை யானையாக நினைத்து விளையாடியதே இல்லை. அதன் வயிற்றுக்கடியில் இருந்த நிழல்தான் எங்கள் கோட்டை.

பெர்ட்டல்மன்பிளைனுக்குப் பிறகு நடந்தது ஒரு நகரம் தன்னைத் தானே திருத்திக்கொண்ட கதை. தங்கள் தெருவிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று குடியிருப்பவர்கள் மாநகராட்சிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். துறை அந்தப் பகுதியில் எங்கே ஒரு துண்டு நிலம் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும். வான் ஐக் வரைவார். சில காலத்தில் திடல் எழும்பும். 1951இல் அவர் அரசுப் பணியிலிருந்து விலகித் தனி அலுவலகம் தொடங்கினார். ஆனால் மாநகராட்சிக்காகத் திடல்கள் வரைவதை மட்டும் நிறுத்தவில்லை. 1978 வரையிலான முப்பது ஆண்டுகளில் 700க்கும் மேற்பட்ட இடங்கள் உருவாயின. பயன்படுத்திய பொருள்கள் சிலவே: மணல்தொட்டி, தாண்டும் கற்கள், வெவ்வேறு உயரக் கம்பிகள், கம்பிக் கூடு, இருக்கை, மரம். அவற்றை ஒவ்வோர் இடத்துக்கும் புதிதாக அடுக்கினார். ஏழு சுரங்களை வைத்துக்கொண்டு ஒருவர் ஆயுள் முழுவதும் பாடுவதைப் போன்ற உழைப்பு அது. பெரும்பாலான திடல்களுக்கு வேலி கிடையாது. தெருவின் தரை அப்படியே உள்ளே வந்து திடலின் தரையாகும்; எங்கே தெரு முடிந்து விளையாட்டு தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது.

இந்த இடத்தில் நம் ஊர் நிலவரம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. சென்னையைச் சுற்றிப் பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, ஓ.எஸ்.ஆர். நிலம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அப்படி ஒரு துண்டு நிலத்தில், முன்பே நின்ற புங்கை மரத்தைச் சுற்றி அகன்ற திண்ணை ஒன்றை வரைந்து கொடுத்தேன். தெருவை நோக்கித் திறந்த பக்கம், வேலி இல்லை. வேலை முடிந்து போய்ப் பார்த்தபோது திண்ணையின் மேல் கூர்முனைக் கம்பிகள் பதிக்கப்பட்டிருந்தன. சுற்றிலும் இரும்பு கிரில் வேலி, வாயிலில் பூட்டு, காலையும் மாலையும் சில மணி நேரமே திறந்திருக்கும் என்ற அறிவிப்புப் பலகை. கேட்டதற்கு, ‘வேண்டாதவர்கள் படுத்துத் தூங்குவார்கள்’ என்ற பதில் கிடைத்தது. உச்சி வெயிலில் வீட்டு வேலை முடித்துத் திரும்பும் பெண்களும் உணவு கொண்டுபோகும் இளைஞர்களும் அந்தப் பூட்டிய வேலிக்கு வெளியே, மரத்தின் நிழல் தெருவில் விழும் துண்டில் நின்றுகொண்டிருந்தார்கள். என் வரைபடத்தில் எது தவறு என்று பல நாள் யோசித்தேன். திண்ணையை வரைந்த நான், அதைக் காக்கக்கூடிய அந்தத் தெருவின் மக்களிடம் போய் ஒருமுறைகூட உட்கார்ந்து பேசவில்லை. ஆம்ஸ்டர்டாமில் கடிதம் முதலில் வந்தது, வரைபடம் அதற்குப் பிறகுதான் வந்தது.

டைக்ஸ்ட்ராட் படத்துக்குத் திரும்புகிறேன். அங்கே அந்த வெற்றிடம் எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படத்தை முன்போல் பார்க்க முடியவில்லை. அந்தத் தெருவைச் சுற்றியுள்ள பகுதி யூதர்கள் பெருமளவில் வாழ்ந்த பகுதி. போரின்போது அவர்கள் வதை முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. ஆளில்லாமல் நின்ற வீடுகளின் உத்தரங்களையும் கதவுகளையும் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நகர மக்கள் விறகுக்காகப் பெயர்த்துச் சென்றார்கள். மரம் போனதும் சுவர்கள் சரிந்தன. அப்பகுதியில் போருக்குப் பின் எஞ்சிய காலி மனைகள் பலவற்றுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அத்தகைய மண்ணில் நினைவுச் சின்னம் எழுப்பலாம், மனையை விற்கலாம், வாகனம் நிறுத்தலாம். வான் ஐக் குழந்தைகளை அழைத்து வந்தார். அது மறதிக்கு வழி செய்தது என்று சொல்பவர்களும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கச் சுவர்களுக்குப் பூச்சுப் பூசி அழகாக்காமல் அவற்றின் நடுவே விளையாட இடம் தந்தவர், அங்கே ஒரு வீடு இருந்தது என்பதை மறைக்கவில்லை.

1956இல் டுப்ரோவ்னிக் நகரில் நவீனக் கட்டடக் கலைஞர்களின் பன்னாட்டு மாநாடு நடந்தபோது, அவர் தம் திடல்களைப் பலகைகளில் ஒட்டிக் காட்சிக்கு வைத்தார். பனி பொழிந்த நகரத்தைப் பற்றிய ஒரு சிந்தனை அதில் இடம்பெற்றது. கடும் பனி விழுந்தால் வண்டிகள் நின்றுவிடும். நகரம் முழுவதும் சட்டென்று குழந்தைகளுக்குச் சொந்தமாகிவிடும். ஆனால் பனி உருகிவிடும், ஆகவே பனியைவிட நிலையான ஒன்றை அவர்களுக்காக நாம் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நமக்குப் பனி இல்லை. ஆனால் கடையடைப்பு நாள் உண்டு. பேருந்து ஓடாத அந்தக் காலையில், அதுவரை ஓரத்தில்கூட நடக்க முடியாத சாலையின் நட்டநடுவில் மூன்று குச்சிகள் ஊன்றப்பட்டு மட்டைப்பந்து தொடங்கிவிடும். அப்படிப்பட்ட நாள் வரும்போதெல்லாம் நான் கையேட்டுடன் வெளியே போய், பிள்ளைகள் எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பெரியவர்கள் எந்தப் படியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்கிறேன். வேறு எந்த நில அளவையும் எனக்கு அவ்வளவு சொல்வதில்லை.

அவருடைய பெயரை உலகம் அறிந்தது 1960இல் கட்டி முடிக்கப்பட்ட ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சிக் குழந்தைகள் இல்லத்தால். சுமார் 125 பிள்ளைகளுக்கான அந்த இல்லம், சிறுசிறு குவிமாடங்களின் கீழ் அறைகளும் முற்றங்களும் உள்தெருக்களுமாக ஒரு சிற்றூரைப்போல் விரிகிறது. வீடு ஒரு சிறு நகரம், நகரம் ஒரு பெரிய வீடு என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. அந்த இல்லத்தின் வாசல்படிகளையும் வட்ட இருக்கைகளையும் பார்த்தால், முந்தைய பத்தாண்டுகளாகத் தெருக்களில் அவர் கை பழகியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று விளங்கும். பாடநூல்கள் இல்லத்தை முதலில் வைத்துத் திடல்களைப் பின்குறிப்பில் சொல்கின்றன. நான் அந்த வரிசையை ஒப்பவில்லை. நூறாவது மணல்தொட்டியை வரைந்த கைதான் அந்த இல்லத்தை வரைந்தது.

அவருடைய பிற்காலப் பணிகளில் எனக்கு நெருக்கமானது ஆம்ஸ்டர்டாமின் நியூமார்க்ட் பகுதியில் தெயோ போஸ் என்ற கட்டடக் கலைஞருடன் சேர்ந்து செய்தது. மெட்ரோ ரயிலுக்காகப் பழைய வீடுகளை இடிப்பதை எதிர்த்து 1975இல் அங்கே மக்களுக்கும் காவல்துறைக்கும் பெரும் மோதல் நடந்தது. இடிந்த இடத்தில் அகன்ற சாலையும் அலுவலகக் கோபுரங்களும் வராமல், பழைய தெருக்களின் வளைவும் அகலமும் மாறாமல் மக்கள் குடியிருக்கும் வீடுகளே மீண்டும் வர வேண்டும் என்று போராடியவர்களின் பக்கம் அவர்கள் நின்று வரைந்தார்கள். 1990இல் பிரிட்டனின் அரச தங்கப் பதக்கம் வான் ஐக்குக்குக் கிடைத்தது, 1999இல் காலமானார்.

‘வெளி, காலம் என்பவை எதைக் குறித்தாலும், இடம், தருணம் என்பவை அதைவிடக் கூடுதலாகக் குறிக்கின்றன’ என்பது அவருடைய புகழ்பெற்ற வாக்கியம். மேற்கில் இதை ஒரு புரட்சியாகப் படித்தார்கள். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று ஒன்றாக வைத்த மரபில் வந்த நமக்கு இதில் வியக்க அதிகம் இல்லை. நம் அகத்திணையில் நிலம் வெறும் பரப்பாக ஒருபோதும் வருவதில்லை. அதற்கென்று ஒரு பறை, ஒரு பறவை, ஒரு பூ, அங்கே வாழும் மக்கள், அவர்கள் செய்யும் தொழில் என்று எல்லாமும் கூடவே வரும். எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. இப்படி ஓர் இலக்கணம் நம்மிடம் இருந்தும், இன்று நம் பூங்கா டெண்டர்களில் பேவர் பிளாக் எத்தனை சதுர மீட்டர், வேலி எத்தனை மீட்டர் என்ற கணக்குக்கு மேல் ஒரு சொல்லும் இருப்பதில்லை.

அந்த 700 திடல்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. சில இடங்களில் வீடுகள் வந்துவிட்டன, சில இடங்களில் கார்கள் நிற்கின்றன, சில இடங்களில் கம்பிகளை எடுத்துவிட்டுப் பல வண்ணப் பிளாஸ்டிக் சாதனங்களை வைத்திருக்கிறார்கள். நான் புள்ளியிட்டுக்கொண்டு போன வரைபடத்தில் பாதிக்கு மேல் ஏமாற்றம்தான். ரைக்ஸ் அருங்காட்சியகத் தோட்டத்தில் அவருடைய ஏறுகம்பிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்; ரெம்பிராண்டைப் பார்க்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவற்றில் தலைகீழாகத் தொங்குகிறார்கள். குழாயின் வளைவுகளில் கைபட்டுக் கைபட்டு ஒரு மினுமினுப்பு. தொடாதீர் என்ற பலகை இல்லாத கலைப்பொருளை ஓர் அருங்காட்சியகத்தில் பார்ப்பது மனத்துக்கு நிறைவாக இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு பள்ளியை ஒட்டிய சிறு மனையில் மணல்தொட்டி ஒன்று கட்டினோம். இம்முறை வரைவதற்கு முன் மூன்று மாதம் அந்தத் தெருவுக்குப் போய் வந்தேன். வேலி வேண்டாம், இரவில் ஒரு விளக்கு வேண்டும், சாவி யாரிடமும் இருக்கக் கூடாது என்று அவர்களே சொன்னார்கள். மணலில்தான் சிக்கல் வந்தது. ஆற்று மணல் கிடைப்பது அரிது. கட்டுமானத்துக்கு வாங்கும் எம்-சாண்ட் கல்லை உடைத்துச் செய்வதால் துகள் கூர்மையாக இருக்கும், தூசி பறக்கும், பிள்ளைகளின் கைக்கு ஆகாது. சலித்துக் கழுவிய மணலைத் தேடிப் பிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று.

விளிம்புக்குக் கான்கிரீட் போட்டுப் பலகை பிரித்த அன்று, மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “சார், இது உட்காரதுக்கா, ஓடுறதுக்கா? உட்காரதுன்னா முனையை மழுக்கணும், தொடையில குத்தும். ஓடுறதுன்னா மேல சொரசொரப்பா விடணும், வழுக்கும்.” இரண்டுக்கும்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்முனை வெளிமுனை இரண்டையும் உருட்டிப் பூசி, மேற்பரப்பை மணியாசுக் கட்டையால் தேய்த்து, நெய்யாக இழைக்காமல் அப்படியே விட்டார். மறுநாள் காலை நான் போனபோது அவர் தம் சாப்பாட்டுத் தூக்கை அந்த விளிம்பில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சற்று நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.